பரிசல் புறப்படும் நேரத்தில் காயாத பசை

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 36. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு நான்கு. மாமியாரும் கூட இருக்கிறார். 2020 ஊரடங்கில் குயிலிங் (மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் வேலை) கம்மல் செய்யத் தொடங்கி, பிறகு வாழ்த்து அட்டைகள், இப்போது குடும்பப் பயணங்களை ஒட்டி வைக்கும் ஆல்பம் என்று கைவேலை வளர்ந்திருக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கல் போனார்கள். விடுதி அறையில் அவர் அன்றைய பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம், பசை காயட்டும்" என்றார். அது முக்கால் மணி நேரமாயிற்று. கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பரிசலுக்குப் போய்விட்டார். ஒட்டிய பக்கமும் அப்பளம்போல வளைந்துவிட்டது. "உனக்கு இது போதை மாதிரி ஆயிடுச்சு" என்று கணவர் சொன்ன சொல் இன்னும் உறுத்துகிறதாம்.

வரும் மே மாதம் பெங்களூரிலிருந்து விமானத்தில் டெல்லிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். சாமான்களைக் கொண்டுபோகலாமா? கணவரிடம் சொல்லாமல் 9,500 ரூபாய்க்குத் தவணையில் வாங்கிய, காகிதத்தை அச்சு வடிவங்களில் வெட்டும் டை கட்டிங் மெஷின் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. "என் சம்பளம்தானே, சொல்லியாக வேண்டுமா?" கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் மாமியார் முகம் சுளிக்கிறார். பெங்களூரில் இரண்டு நாள் காகிதப் பட்டறைக்குத் தனியாகப் போக ஆசை, ஆனால் குற்ற உணர்வு. இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் "போதை" என்ற சொல்லை எடுத்து ஓரமாக வைப்போம். ஒரு பழக்கம் எல்லை மீறிவிட்டதா என்று பார்க்க நாங்கள் கேட்பவை எளிய கேள்விகள்தான். தூக்கம் கெடுகிறதா? வேலையில் தவறு வருகிறதா? வீட்டுச் செலவுப் பணம் அதில் போகிறதா? குழந்தை கூப்பிட்டால் எழுந்திருக்க முடிகிறதா? மறைக்க வேண்டியிருக்கிறதா? ஆறு பக்கத்திலும் முதல் மூன்றுக்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. நான்காவதில் ஒகேனக்கல் ஒரு நாள் இருக்கிறது. ஐந்தாவதில் மெஷின் இருக்கிறது. இதற்குப் போதை என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டையும் சரிசெய்யாமல் விட்டால் அந்தச் சொல் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "கூட்டமும் சத்தமும் அதிகமானால் எனக்கு மூச்சு முட்டும். காகிதத்தைக் கையில் எடுத்தால் அடங்கிவிடும்." உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி இதுதான் என்று நினைக்கிறேன். அன்று அந்த அறையில் உங்களுக்குத் தேவைப்பட்டது அரைமணித் தனிமை. அதை வாய்விட்டுக் கேட்காமல், பசை காய்வதைச் சாக்காகச் சொன்னீர்கள். கணவருக்குக் கேட்டதோ, "உங்களைவிட இந்தப் பக்கம் முக்கியம்" என்பது. அடுத்த முறை, "எனக்கு அரைமணி நேரம் தனியா இருக்கணும், மூணரைக்கு வந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவதுதான் இதில் பாதி வேலை.

பக்கம் ஏன் வளைந்தது

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் கணிசமாக இருக்கிறது. காகித இழைகள் தண்ணீரை உறிஞ்சி அகலவாக்கில் உப்பும். பசை பட்ட பக்கம் உப்பி, படாத பக்கம் அப்படியே இருந்தால் தாள் வளைந்தே தீரும். 100 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கீழான தாளில் இது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அத்தோடு அருவிப் பக்கத்துக் காற்று. சாரலில் காகிதமே ஈரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும், பசையும் காயாது. வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வரும் பசை அங்கே மூன்று மடங்கு நேரம் எடுத்ததில் வியப்பில்லை. முழுப் பிடிப்புக்கு எப்படியும் ஏறக்குறைய ஒரு நாள் கனமான புத்தகத்தின் கீழே இருக்க வேண்டும். பயணத்தில் அதற்கு எங்கே போவது? ஒகேனக்கல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் மசாஜ் முடித்து வந்தவர் பக்கத்தைத் தொட்டால் அந்தக் கறை போகாது, அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. மீன் வறுவல் சாப்பிட்ட கை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: பயணத்தில் சேர்ப்பது மட்டும், ஒட்டுவது வீட்டு மேசையில். கூட வருவது, யாராவது கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் மூடி வைக்கக்கூடிய வேலையாக மட்டும் இருக்கட்டும். குயிலிங் அப்படிப்பட்டதல்ல. 3 மில்லிமீட்டர் பட்டைகள் மின்விசிறிக்கே பறக்கும். பேருந்து ஜன்னல் காற்றுக்கு நிற்குமா? பென்னாகரம் தாண்டி மலைப்பாதை இறங்கும்போது குனிந்து வெட்டிக்கொண்டிருந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கண் அசையாத காகிதத்தைப் பார்க்க, காது உடம்பின் அசைவைச் சொல்ல, இரண்டும் பொருந்தாததால் வருவது அது. ஓடும் வண்டியில் கட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு பிரேக் போதும்.

பையில் என்ன இருக்கட்டும்

நீங்கள் எடுத்துப்போன பையில் நூறு ஏ4 தாள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 250 ஜிஎஸ்எம் என்றால் நூறு தாள் மட்டுமே ஒன்றரை கிலோவுக்கு மேல். அதில் எத்தனை தாளைப் பயன்படுத்தினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், கணவரின் எரிச்சலில் ஒரு பங்கு நியாயம் தெரியும்.

அதற்குப் பதில் ஏ5 அளவில் ஒரு ஜிப் பை போதும். 200 முதல் 250 ஜிஎஸ்எம்மில் ஏ6 அட்டைகள் இருபது (மொத்தம் 80 கிராம்கூட வராது), சாதாரண 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் பத்து இரண்டாக மடித்தது, ஒரு சின்ன க்ளூ ஸ்டிக், அரை அங்குல டபுள் சைடு டேப் ஒன்று, முனை மழுங்கிய பள்ளிக் கத்தரிக்கோல், 15 சென்டிமீட்டர் ஸ்கேல், பென்சில், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. கடைசியில் சொன்னது அட்டையில் மடிப்புக்கோடு போட. கோடு போடாமல் மடித்தால் 250 ஜிஎஸ்எம் அட்டை முதுகில் வெடிக்கும். இவற்றோடு, பயண நாள் ஒன்றுக்கு ஒரு தபால் கவர். மேலே தேதி, ஊர். உள்ளே அன்றைய டிக்கெட், ரசீது, கோயில் அர்ச்சனைச் சீட்டு. இரவில் ஒரு துண்டுச் சீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி. ஆல்பத்துக்கு உயிர் கொடுப்பது அந்த இரண்டு வரிதான், அலங்காரமெல்லாம் பிறகு.

பையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். க்ளூ ஸ்டிக் இளகும், டேப்பின் பசை ஓரம் வழிந்து சுருள் முழுக்கப் பிசுபிசுக்கும்.

பேருந்தில் கருவியிலிருந்து கிழித்துத் தரும் டிக்கெட்டும் கடை ரசீதும் பெரும்பாலும் வெப்பத்தாள். அதில் மை கிடையாது. சூட்டில் கருக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சம், சூடு, பிளாஸ்டிக் உறை, சில பசைகள் எல்லாமே அதை வெளுக்கச் செய்யும். சூடான லேமினேஷன் கொடுத்தால் சீட்டே கறுத்துவிடும். உங்கள் பழைய ஆல்பத்தில் "வெற்றுச் சீட்டாகிப் போனது" என்று வருந்தியிருக்கிறீர்களே, காரணம் இதுதான். அன்றிரவே போனில் படம் எடுத்து வைத்து, ஊர் திரும்பியதும் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள்.

மகள் காட்டில் இலையும் இறகும் பொறுக்கி வருவதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கீழே கிடப்பதை எடுத்தால் தவறில்லை என்பது பலரும் நினைப்பதுதான். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காவிரி வடக்குச் சரணாலயம் அதற்கு முன்பே இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள்ளிருந்து வனப்பொருள் எதையும் அனுமதியின்றி எடுத்துவர முடியாது. தானாக உதிர்ந்த மயிலிறகுக்குச் சட்டத்தில் தளர்வு உண்டு என்றாலும், அது சரணாலயத்திலிருந்து எடுத்துவர உரிமை தராது. பறித்த இலையில் ஈரம் இருந்து பூஞ்சை பிடிக்கும் தொல்லை வேறு. இலையின் நரம்பு மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் 75 ஜிஎஸ்எம் தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். இலை அங்கேயே இருக்கும், அச்சு உங்களோடு வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு தாள்

மகளுக்குப் பயணத்தில் கொடுக்க ஏற்றது ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், ஒரே ஒரு வெட்டுதான். தாளைப் படுக்கவாக்கில் வைத்து, நீண்ட ஓரங்கள் சேர ஒருமுறை மடித்துப் பிரிக்க வேண்டும். குட்டை ஓரங்கள் சேர ஒருமுறை மடித்துப் பிரிக்க வேண்டும். பிறகு இரண்டு குட்டை ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி குட்டை ஓரங்கள் சேர மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து, நடுவே போகும் கோட்டின்மேல் அடுத்த மடிப்புவரை, அதாவது 74 மில்லிமீட்டர், வெட்ட வேண்டும். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு கூரைபோல விரிந்து, பக்கங்கள் புத்தகமாகச் சுற்றி அமரும். வழக்கமாக நடக்கும் தவறு திறந்த பக்கத்திலிருந்து வெட்டிவிடுவது. தாள் இரு ஓரத்திலும் கிழிந்து நிற்கும். எந்தப் பக்கம் மடிப்பு என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

நான்கு வயதுப் பையனுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். பழைய பத்திரிகையைக் கிழித்து, அட்டையில் க்ளூ ஸ்டிக் தடவிக் கொடுத்தால் அரைமணி ஓடும். குயிலிங் ஊசி, மணிகள், ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சிலிக்கா பொட்டலம், க்ளூ கன் நான்கும் அவன் கைக்கு எட்டக்கூடாது. மாம்பழக் காலத்தில் ஆல்பத்தையும் சேர்த்தே மேலே ஏற்றிவிடுங்கள். கிருஷ்ணகிரிக் குழந்தைக்கு மாம்பழக் கையைக் கழுவச் சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம்.

கணவரை வற்புறுத்தி உட்காரவைக்க வேண்டாம். வழி வரைபடத்தில் எங்கே டீ குடித்தோம், எங்கே வண்டி நின்றது என்று மட்டும் அவரைக் கேளுங்கள். வழி சொல்லப் பிடிக்காத ஆண் அபூர்வம்.

டெல்லிப் பயணம்

கையில் கொண்டுபோகும் பையில் கட்டர், பிளேடு, கத்தரிக்கோல், குயிலிங் ஊசி எதுவும் வேண்டாம். சின்னக் கத்தரிக்கோல்தானே என்று சோதனை மேசையில் வாதாடினால் பெரும்பாலும் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர நேரும். கூர்மையானவை எல்லாம் உறையிட்டு செக்-இன் பையில். ஸ்ப்ரே பசை தீப்பற்றக்கூடியது என்பதால் இரண்டிலும் ஆகாது. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். உள்நாட்டுச் சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. டிக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் பெங்களூருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளி. ஓசூர் தாண்டி நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். விமான நிலையக் காத்திருப்பில் மகளின் எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு நிறைய நேரம் கிடைக்கும். வெட்டை மட்டும் வீட்டிலேயே போட்டு எடுத்துப்போங்கள். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கவர்களை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள்.

ஒட்டும்போது ஒன்று: 4×6 அங்குலப் புகைப்படம் 152 மில்லிமீட்டர் நீளம், ஏ6 பக்கம் 148. நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டும். ஏ5 ஆல்பமாக எடுங்கள். தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். படத்துக்கு டபுள் சைடு டேப், அட்டைக்கு மட்டும் வெள்ளைப் பசை, அதுவும் மெல்லிய பூச்சு. சாதா செல்லோ டேப் சில வருடத்தில் மஞ்சளாகும். தைத்த நோட்டில் எல்லாப் பக்கமும் ஒட்டினால் விசிறிபோல விரிந்து மூடாது. முதுகுப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் அட்டைப் பட்டைகளை இடையிடையே ஒட்டிக் கனத்தைச் சரிசெய்யுங்கள்.

அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மெஷின்

சட்டம் உங்கள் பக்கம்தான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டிய சொத்துக்கு அவளையே முழு உரிமையாளராக்குகிறது. உங்கள் சம்பளத்தில் மெஷின் வாங்க யாரிடமும் அனுமதி தேவையில்லை. ஆனால் அனுமதி வேறு, தெரிவிப்பது வேறு. மாதத் தவணை போகிறது என்றால் வீட்டுக் கணக்கில் அது ஓர் ஓட்டை. வங்கிக் குறுஞ்செய்தி வழியாக அவருக்குத் தெரியவந்தால் பேச்சு பணத்தில் நிற்காது, "வேற என்னென்ன மறைச்சே?" என்று போகும். கணக்கு எழுதுபவர் நீங்கள், இது உங்களுக்குத் தெரியாததல்ல.

திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னதுபோல இல்லாவிட்டாலோ நுகர்வோர் சட்டம் உதவும். மனம் மாறியதற்கு விற்பவரின் திருப்பல் விதிதான், பிரித்துப் பயன்படுத்திய மெஷினுக்கு அது அநேகமாக முடிந்திருக்கும். அதனால் டெல்லிப் பயணத்துக்கு முன்பாக, இரவு ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் அல்லாமல் ஒரு வார ஓய்வுநாளில் சொல்லிவிடுங்கள். விலை, மீதித் தவணை எத்தனை, எந்தச் செலவைக் குறைத்துக் கட்டுகிறீர்கள் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "நீங்க மட்டும் போன் வாங்கலையா" என்று தொடங்க வேண்டாம், அது உண்மையாகவே இருந்தாலும்.

அட்டைகளை விற்று அடைக்கலாம் என்ற யோசனை நல்லதே. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பதற்கு ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான். நீங்கள் பயப்படும் அளவில் ஏதுமில்லை. ஆனால் பெங்களூர் வாடிக்கையாளருக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை, அதற்கு விதி வேறு. தொடங்கும் முன் ஒரு வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

அத்தையின் மனக்குறை

கல்யாணப் பத்திரிகை அருமையான பொருள். பல பத்திரிகைகள் 250 ஜிஎஸ்எம்முக்கு மேல் கனம், கடையில் வாங்கினால் ஒரு தாளுக்கே காசு. ஆனால் உங்கள் அத்தையின் கண்ணில் அது ஓரத்தில் மஞ்சள் வைத்து, ஒரு குடும்பம் வீடேறி வந்து கொடுத்தது. பிள்ளையார் படத்தின் குறுக்கே கத்தரிக்கோல் போவதையும் துண்டுகள் தரையில் கால்படக் கிடப்பதையும் அவரால் தாங்க முடியவில்லை. இதைப் பழமை என்று ஒதுக்காதீர்கள். கவர், உள்தாள், பின்பக்க வெற்று அட்டை இவற்றை மட்டும் எடுங்கள். சாமி படமும் மஞ்சள் பட்ட மூலையும் அவர் கையில் போகட்டும், அவர் வழக்கப்படி செய்துகொள்வார். எது வெட்டலாம் என்று பிரித்துத் தரும் வேலையையே அவரிடம் கொடுத்துப் பாருங்கள். யார் வீட்டுக் கல்யாணம், என்ன சாப்பாடு என்று கதை வரும். அதையும் எழுதி வைக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் மேசை நிறையக் காகிதம் என்ற குறைக்கு, இரண்டடிக்கு ஒன்றரையடி மெல்லிய பிளைவுட் பலகை ஒன்று போதும். வேலை எல்லாம் அதன்மேல். சாப்பாட்டு வேளையில் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள்.

பட்டறை

போய் வாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை அப்பாவோடும் பாட்டியோடும் இரண்டு நாள் இருப்பது கைவிடுவதாகாது. கணவருக்குப் பகல் வேலையோ ஓய்வோ உள்ள வாரமாகத் தேதியைப் பாருங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் போனால் சுமை முழுவதும் அத்தை தலையில் விழும். கட்டணம், பேருந்து, தங்கும் இடம் மூன்றையும் கூட்டிய தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஷின் பேச்சு முடிந்து குறைந்தது ஒரு மாதமாவது போகட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் சொன்னால் எதற்குக் கோபம் என்று அவருக்கே தெரியாது.

பொங்கல் ஆல்பத்தில் வளைந்த பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பின்பக்கம் லேசாக ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் கீழே இரண்டு நாள் விடுங்கள், பெரும்பகுதி நிமிர்ந்துவிடும். பரிசல் படத்தில் நீங்கள் இல்லையென்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டுவைத்து, குடும்பத்தோடு இன்னொரு முறை போய்வாருங்கள். ஆடியில் ஆற்றில் வரத்து அதிகமானால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.